தெற்கே ஒரு புள்ளி

நீலக் கார்க்காரன் சேப்பல் என்கிற எங்கள் சின்னத் தேவாலயத்தின் தோட்டத்தில் கல்லறைகளைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்ற செய்தி, நான் முதல் நோயாளிக்கு ஊசி போட்டு முடிப்பதற்குள் கிரிம்டேல் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது.

அந்த வசந்தத்தில் மேட்டு நிலத்திலிருந்து ஆடுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. யாரோ லாரி கொண்டுவந்து ஏற்றிப் போவதாகப் பேச்சு. அதனால் முன்பின் தெரியாத ஒருவர் வண்டியை விட்டு இறங்கினாலே போதும், ஏதாவது ஒரு ஜன்னலுக்குப் பின்னால் திரைச்சீலை அசையும்.

மத்தியானம் பப்பில் ஒரு சாண்ட்விச் சாப்பிடப் போனேன். கடைக்காரி மேட்ஜ் குரலைத் தாழ்த்தினாள்.

"கையில மேப் வெச்சிருக்கானாம். மேப் பூரா புள்ளி."

"எந்தப் பண்ணையில எத்தன ஆடுன்னு புள்ளி வெச்சிருப்பான்," என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர்.

"ஆட்டுக் கள்ளன் எதுக்குக் கல்லறையப் படிக்கணும்?"

"எந்த வீட்ல ஆம்பள செத்துட்டான்னு பாக்கறானோ என்னவோ."

சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களின் கண்ணெல்லாம் ஜன்னல் பக்கமே இருந்தது.

நான் தோரா கெல்டர்விக். வீடு வீடாகப் போய்க் கட்டுப்போடும் நர்ஸ். பிறந்தது ஹல் துறைமுகத்தில். சேத் கெல்டர்விக்கைக் கல்யாணம் செய்துகொண்டு வடக்கு இங்கிலாந்தின் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. இன்னமும் ஊருக்கு நான் ஹல்காரிதான்.

கெல்டர்விக் என்றால் பழைய பாஷையில் ஊற்றடிப் பண்ணை. அந்த ஊற்று எங்கள் கொல்லையில்தான் இருக்கிறது. பேரும் அங்கேயிருந்து கிளம்பியதுதான்; ரொம்பத் தூரம் போகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயர் பஞ்சாலைகளுக்குக் கொஞ்சம் பேர் போனார்கள். ஈயச் சுரங்கம் மூடியபோது டரம் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சிலர் போனார்கள். மற்றவர்கள் இங்கேயேதான் பிறந்து, ஆடு மேய்த்து, இங்கேயே புதைந்தார்கள். நான் வந்தபோது கிரிம்டேலில் மிஞ்சியிருந்தது இரண்டு கெல்டர்விக் வீடுகள். எங்களுடையது மேல்வீடு. ஓடைக்குக் கீழே கிளாரன்ஸின் கீழ்வீடு. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அதற்குக் காரணம் 1911-ல் நடந்தது. அப்போது மேல்வீட்டில் சேத்தின் தாத்தா ஜேபஸ். கீழ்வீட்டில் அவர் தம்பி ஆமோஸ், அவன் மனைவி, மூன்று குழந்தைகள். ஊற்றுத் தண்ணீரை யார் எந்தப் பக்கம் திருப்புவது என்று அண்ணன் தம்பிக்குள் ஓயாத சண்டை. பிப்ரவரி மாதம் ஒருநாள் காலை இருவரும் கைகலந்தார்கள். பிறகு ஆமோஸ் நாயோடு மலைமேல் ஏறிப் போனான். சாயங்காலம் நாய் மட்டும் திரும்பி வந்தது. ஜேபஸின் சட்டைக் கையில் ரத்தம் இருந்தது.

"மூக்குல குத்தினேன். அவ்வளவுதான். அவன் மலையேறிப் போனான்" என்று ஜேபஸ் சொன்னார். சாகிற வரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. போலீஸ் வந்து மலைமேல் இருந்த கரிய சதுப்பு நிலத்தையெல்லாம் தோண்டிப் பார்த்தது. பிணம் கிடைக்கவில்லை, வழக்கும் இல்லை. அதற்குப் பதிலாகப் பள்ளத்தாக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சேப்பலில் ஜேபஸ் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். கீழ்வீட்டுக் குழந்தைகளுக்கு ஊர் நிலக்கரி கொடுத்தது, காலணி கொடுத்தது. சேத்தின் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் "எங்கடா பொதைச்சீங்க?" என்று கேட்டார்கள். பிறகு சேத்தையும் அதையே கேட்டார்கள்.

சேத் பெரியவனான பிறகு யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலே அது ஒவ்வொருவர் கண்ணிலும் இருந்தது.

அன்று சாயங்காலம் நீலக் கார் எங்கள் வாசலில் நின்றது. அறுபது வயதைத் தாண்டிய, மெலிந்த, வழுக்கைத் தலை மனிதர். மழைக்கோட்டோடு நனைந்தபடி நின்றார்.

"கெல்டர்விக் வீடு இதுதானே? என் பேர் ரோலண்ட் கெல்டர்விக்," என்றார்.

சேத் கதவைப் பாதிதான் திறந்திருந்தான். "எந்த ஊரு கெல்டர்விக்?"

"சஃபோக். கடலோரம்."

"தெற்க கெல்டர்விக் கெடையாது."

"அதத்தாங்க நானும் சொல்றேன். இருக்க முடியாது. ஆனா இருக்கோம்."

குரலில் ஒரு வடக்கத்திச் சாயலும் இல்லை. எங்கள் பேரையே அவர் வேறு மாதிரி, நடுவெழுத்தை விழுங்கிச் சொன்னார். சேத் என்னைப் பார்த்தான். மழையில் ஒருவரை நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. "உள்ள வாங்க," என்றேன்.

சமையலறை மேஜையில் அவர் மேப்பை விரித்தார். ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஊர் ஊராக டெலிபோன் புத்தகங்களைப் புரட்டி, எங்கெல்லாம் கெல்டர்விக் இருக்கிறார்களோ அங்கெல்லாம் சிவப்பு மையில் புள்ளி வைத்திருந்தார். பழைய ஜனத்தொகைக் கணக்குக்குப் பச்சைப் புள்ளி. பச்சை முழுக்க எங்கள் பள்ளத்தாக்கில் தேனீக் கூட்டம் மாதிரி அப்பிக்கிடந்தது. சிவப்பு மலையைத் தாண்டிக் கொஞ்சம் சிதறியிருந்தது. அப்புறம் வெறும் வெள்ளைத் தாள். வெகு தூரம் கீழே, கிழக்குக் கரையில், ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

"அது நான்தான்," என்றார். "எங்க தாத்தா பேர் தாமஸ் கெல்டர்விக். வடக்கேர்ந்து வந்தேன்னு மட்டும் சொல்வார். எந்த ஊருன்னு கேட்டா எழுந்து வெளிய போயிடுவார். எனக்குப் பிள்ளைங்க இல்ல. நான் போனா அந்தப் புள்ளியும் போயிடும். அதுக்கு முன்னாடி அது எங்கேர்ந்து வந்துதுன்னு தெரிஞ்சிக்கலாம்னுதான்."

"உங்கள யாரு அனுப்பினது?" என்றான் சேத்.

"யாரும் அனுப்பலியே."

"கீழ்வீட்டுக்காரன் அனுப்பினானா? அவனுக்கு இப்ப என்ன வேணுமாம்? ஊத்துல பங்கா?"

"கீழ்வீடுன்னா யாருங்க?"

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. சேத்துக்கு அப்படிப் படவில்லை. ரோலண்ட் பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார். கூழாங்கல் கடற்கரையில் நின்றபடி வலை பின்னிக்கொண்டு ஒரு கிழவர். தொப்பி, நரைத்த தாடி. இடது காதின் மேல்பகுதியில் ஒரு துண்டு இல்லை.

"குதிரை கடிச்சிடுச்சின்னு சொல்வார்," என்றார் ரோலண்ட்.

சேத் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "தெரியாது." அவனுக்குத் தெரிய வழியும் இல்லை. மேல்வீட்டில் பழைய போட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் ஜேபஸின் மனைவி அடுப்பில் போட்டதாகச் சொல்வார்கள்.

அவர் போன பிறகு சேத் வாசலிலேயே நின்று, காரின் விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் கெல்டர்விக்கே இல்ல தோரா. பேரக் களவாண்டு வந்திருக்கான்."

"எதுக்கு இந்தப் பேரக் களவாடணும்? இதுல என்ன இருக்கு?"

கொட்டகையைப் பூட்டப் போகிறேன் என்று போனவன், வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினான்.

காலையில் பப் முற்றத்தில் நீலக் காரின் நான்கு டயர்களும் கத்தியால் கிழிபட்டுக் கிடந்தன. ரோலண்ட் மாடியில் தங்கியிருந்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். பத்து மணிக்குக் கான்ஸ்டபிள் வந்தார். வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க சேத்?"

"கொட்டகையில."

"ராத்திரி பூராவா?"

"ஆடு குட்டி போட்டுச்சு."

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். குட்டியை நான் பார்க்கவில்லை. அவர் போனதும் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். வைக்கோலில் புதுக் குட்டி ஒன்று படுத்திருந்தது. ஆனால் அது நேற்று ராத்திரி பிறந்ததா, நேற்று மத்தியானமே பிறந்ததா என்று ஹல்காரிக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் கூடவே படுத்தெழுந்த மனுஷனை ஒரு ஆட்டுக்குட்டியை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இருந்தும் அவன் கத்தியைத் தேடி எடுத்து விரித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கத்தி சுத்தமாக இருந்தது. துடைத்தாலும் சுத்தமாகத்தானே இருக்கும்?

புது டயர் வர நாலு நாளாகும் என்றார்கள். மேட்ஜ் அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டாள். "என் முற்றத்துல இந்த வம்பு வேணாம் தோரா. உன் வீட்டுக்காரன் கிழிச்சதுக்கு நீயே அந்தாள வெச்சுக் காப்பாத்து," என்றாள். எனவே ரோலண்டை எங்கள் பின்னறையில் தங்கவைத்தேன். சேத் அவரோடு பேசவில்லை. சாப்பிடும்போதும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டான்.

புதன்கிழமை கீழ்வீட்டு முறை. கிளாரன்ஸுக்கு வலது கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில். மேல்வீட்டுக்காரி கை படக்கூடாது என்று முதலில் அடம்பிடித்தார். வேறு நர்ஸ் கிடையாது என்று தெரிந்த பிறகு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு காலை மட்டும் நீட்டுவார். டீ வேணுமா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று கட்டைப் பார்த்ததுமே திடுக்கிட்டேன். சேறு முழங்கால்வரை அப்பியிருந்தது. உள்ளே புண் விரிந்து புது ரத்தம் கசிந்தது.

"வாசல் தாண்டக் கூடாதுன்னு சொன்னேனே! எங்க போனீங்க?"

"கோழியப் பாக்க."

"கோழி எங்க, ரோட்டு மேலயா இருக்கு?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். வருஷக்கணக்காக நான் குனிந்து கட்டுப்போடும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த, அவர் தாத்தா ஆமோஸின் படம் அங்கே இல்லை. ஆட்டுச் சந்தையில் பரிசு வாங்கிய கிடாவின் கொம்பைப் பிடித்தபடி, மீசையோடு நிற்கும் இளைஞன். ஊரே மரியாதை செய்த கொலையுண்டவன். படம் இருந்த இடத்தில் சுவர்த்தாள் மட்டும் வெளிறாமல் சதுரமாகத் தெரிந்தது.

"படம் எங்க?"

"கண்ணாடி உடைஞ்சிடுச்சு."

"சஃபோக்காரர் இங்க வந்தாரா?"

"வந்தான். அன்னிக்கு ராத்திரி, உங்க வீட்லேர்ந்து நேரா. போட்டோ காட்டினான். தெரியாதுன்னேன். லங்காஷயர்ல போய்த் தேடுன்னேன். டீ குடுத்து அனுப்பினேன்."

டீ குடுத்தாரா? கட்டைச் சுற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. கிளாரன்ஸ் பாதிரியாருக்கே டீ கொடுக்காதவர். யாரையாவது சீக்கிரம், சண்டையில்லாமல் அனுப்பிவிட வேண்டுமென்றால்தான் ஒருவர் அப்படித் திடீரென்று நல்லவராவார்.

அந்தப் படத்தை நினைவில் கொண்டுவரப் பார்த்தேன். கிடா, மீசை, வலது கை. காது? தொப்பி இல்லாமல் நின்ற படம்தான். இடது காது எப்படி இருந்தது? எத்தனை தரம் பார்த்திருப்பேன், சொல்லத் தெரியவில்லை.

"கிளாரன்ஸ்," என்றேன். அதுவரை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஆமோஸ் காதக் குதிரை கடிச்சிதா?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"டயர நான்தான் கிழிச்சேன்."

"அது உங்க காலப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கணும் எனக்கு. எதுக்கு? அவர் போகணும்னா டயரு வேணுமே?"

"பயந்து ஓடிப் பஸ் புடிப்பான்னு நெனச்சேன். அவ்வளவுதான் என் மூளை." தொண்டையைச் செருமினார். "போட்டோவ நீட்டினதுமே தெரிஞ்சிடுச்சு. காது வேணாம். அந்த நிக்கிற விதம், எங்கப்பன் அப்படியேதான் நிப்பாரு."

"பின்ன ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது?" முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அப்ப எங்கப்பனுக்கு மூணு வயசு. ஊரு குடுத்த கரியில குளிர் காஞ்சான், ஊரு குடுத்த பூட்ஸப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனான். எல்லாரும் 'பாவம், ஆமோஸ் மகன்'னு தலையத் தடவினாங்க. அந்தாளு அங்க கடக்கரையில மீன் தின்னுக்கிட்டு, இன்னொருத்தி கூடக் குடும்பம் நடத்திக்கிட்டு, நரைச்சுக் கெழவனாகிச் செத்திருக்கான். நாங்க கொலையுண்டவன் குடும்பம், தோரா. அதுதான் எங்க சொத்து. இனிமே நாங்க யாரு? விட்டுட்டு ஓடிப்போனவன் குடும்பம்."

"அப்ப நாங்க யாரு? கொலைகாரன் குடும்பம். எத்தன வருசமா?"

நான் கட்டை முடித்துப் பையை மூடினேன். கதவுவரை போய்விட்டேன்.

"இரு. கார்லதானே வந்த?" என்றார்.

கட்டிலுக்கடியிலிருந்து படத்தை எடுத்தார். கண்ணாடி உடையவே இல்லை.

கீழ்வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் கேட்டைத் தாண்டி வந்தது அன்றுதான். சேத் முற்றத்தில் வேலிக்கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். கிளாரன்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்ததும் கம்பியைக் கீழே போட்டான்.

"இங்க என்ன வேல உனக்கு?"

"உள்ள வா. அந்த ஆளையும் கூப்பிடு."

மேஜையில் ரோலண்டின் மேப் விரித்தபடியே இருந்தது. அதன் மேல் கிளாரன்ஸ் ஆமோஸின் படத்தை வைத்தார். ரோலண்ட் தன் தாத்தாவின் படத்தைப் பக்கத்தில் வைத்தார். இளைஞனுக்கும் கிழவருக்கும் ஒரே காது. மேல்பகுதி பிய்ந்து, விளிம்பு உள்ளே மடங்கிய ஒரே காது.

முதலில் ரோலண்ட்தான் வாயைத் திறந்தார். "இவருக்கு... இங்க மனைவி இருந்தாங்களா?"

"இருந்தாங்க. மூணு பிள்ளைங்களும்," என்றார் கிளாரன்ஸ். "தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுல செத்தாங்க. கடைசி வரைக்கும் விதவைக் கறுப்புத்தான் உடுத்தினாங்க."

ரோலண்ட் மெதுவாக உட்கார்ந்தார். "எங்க தாத்தா கல்யாணம் தொள்ளாயிரத்துப் பத்தொம்பதுல. சர்ச்லதான் நடந்தது." கணக்கு அவர் முகத்திலேயே ஓடியது. "அப்ப அது கல்யாணமே இல்ல. எங்கப்பா..." நிறுத்திக்கொண்டார். அவ்வளவு தூரம் பேரைத் தேடி வந்தவர், அந்தப் பேரில் தனக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தாமஸ்னு முன்பேர மாத்தினான், பின்பேர மாத்தலியே. ஏன்?" என்றார் கிளாரன்ஸ், அவரையே குற்றவாளி மாதிரி பார்த்து.

"தெரியலிங்க. அங்க யாருக்கும் இந்தப் பேரு தெரியாதில்ல. மாத்த வேண்டிய அவசியமே வரல போல."

சேத் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் துள்ளிக் குதிப்பான், கிளாரன்ஸின் சட்டையைப் பிடிப்பான் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவன் ஒன்றும் செய்யாமல் கொல்லைக்குப் போனான். பின்னாலேயே போனேன். ஊற்றின் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"மூக்குல குத்தினேன், அவ்வளவுதான்னு சொல்வாராம் தாத்தா," என்றான். "எங்கப்பா நம்பல. பெத்த அப்பன நம்பாமலே செத்துட்டாரு. நான் மட்டும் என்ன? நானும் நம்பல தோரா. ஊர்ல சண்டை போடுவேன், எங்க தாத்தா செய்யலன்னு. ராத்திரி படுத்தா, எந்த எடத்துல பொதைச்சிருப்பாருன்னு யோசிப்பேன். இந்த ஊத்துக்கு அடியிலன்னுகூட நெனச்சிருக்கேன்."

தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. கத்தியை எடுத்துப் பார்த்ததைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை.

சேத் கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சேப்பலில், எல்லார் முன்னாலும் கிளாரன்ஸ் சொல்ல வேண்டும். கிளாரன்ஸ் இரண்டு நாள் யோசித்தார். நாங்கள் யாரும் அவர் வருவார் என்று நம்பவில்லை. வந்தார். பாட்டு முடிந்ததும் தடியை ஊன்றி எழுந்து, "ஆமோஸ் கெல்டர்விக்க யாரும் கொல்லல. ஓடிப்போனான். டயரக் கிழிச்சது நான்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஊர் ஒருமாதிரி இறங்கி வந்தது. ரெண்டு பேர் சேத்தின் கையைக் குலுக்கினார்கள். மேட்ஜ் அடுத்த நாள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிற்காமல் போனாள். ஆனால் பப்பில், நான் உள்ளே நுழைவதற்கு ஒரு நொடி முன்னால், ஒரு குரல் சொன்னது என் காதில் விழுந்தது: "அந்தத் தெற்கத்திக்காரன எங்கேர்ந்து புடிச்சிட்டு வந்தாங்களோ! காது பிஞ்ச கெழவன் போட்டோ எங்கதான் கெடைக்காது?"

ரோலண்ட் கிளம்பும்போது சேத் அவருக்குக் கை கொடுத்தான். அன்பாக இல்லை, ஆனால் கொடுத்தான். "அந்தாளு உங்ககிட்ட நல்லபடியா இருந்தாரா?" என்று கேட்டான்.

"நல்லவர்தான். கொஞ்சம் அமைதி," என்றார் ரோலண்ட். "அதுதான் இப்பக் கஷ்டமா இருக்கு."

இலையுதிர் காலத்தில் அவர் போன் செய்தார். நான் எடுத்தேன். வேல்ஸ் பக்கம், ஒரு துறைமுகத்தில், ஒரு கெல்டர்விக் கிடைத்திருக்கிறாராம். எங்களில் யாரோடும் சேராத புள்ளி.

அந்த வாரம் கட்டுப்போடும்போது கிளாரன்ஸிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"பதினொண்ணுல இங்கேர்ந்து போனான். பத்தொம்பதுலதான் அங்க கல்யாணம்," என்றார். "நடுவுல எட்டு வருசம் எங்கடி இருந்தான் இந்தப் பய?"